கோப்பின் இடம் நம் பொறுப்பு

தரவுத்தளம் தன் கோப்புகளை வன்தட்டில் எங்கே வைக்கிறது என்று கேட்பதே பழைய காலத்துப் பழக்கம் என்ற எண்ணம் மென்பொருள் வட்டாரத்தில் வேரூன்றிவிட்டது. நிறுவும்போது வரும் திரைகளில் ‘நெக்ஸ்ட்’ அழுத்திக்கொண்டே போனால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். திருப்பதியில் கணினிப் பொறியியல் முடித்து வரும் இளைஞரும் இதைச் சொல்கிறார், சித்தூரில் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் போட்டுக் கொடுப்பவரும் இதைச் சொல்கிறார். இருவரும் தவறானதைச் சொல்கிறார்கள். அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர்கள் அவர்கள் அல்ல, கணக்கை இழக்கும் விடுதிக்காரரும் மண்டிக்காரரும்தான்.

அந்த விலை எப்படி வந்து சேருகிறது என்பதை முதலில் பார்க்கலாம். திருப்பதியில் கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றியுள்ள தங்கும் விடுதிகள், சித்தூரின் வெல்ல மண்டிகள், மாங்கூழ் ஆலைகள், நகரியின் விசைத்தறிக் கூடங்கள் போன்ற சிறு தொழில்களில் ஒரே ஒரு விண்டோஸ் கணினியை நம்பிக் கணக்கு ஓடுவது சகஜம். பில் போடும் மென்பொருளுக்கு அடியில் மைஎஸ்க்யூஎல் அல்லது எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் போன்ற ரிலேஷனல் தரவுத்தளம் ஒன்று உட்கார்ந்திருக்கும். கணினி மெதுவானாலும் வைரஸ் புகுந்தாலும் ஊரறிந்த வைத்தியம் ஒன்றுதான்: சி டிரைவை ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி ஏற்றுவது. டி டிரைவில் உள்ளதற்கு ஒன்றும் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். பழுது பார்க்க வருபவர் பொறுப்பாக டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொள்கிறார். ஆனால், விண்டோஸில் மைஎஸ்க்யூஎல் தன் கோப்புகளை வைப்பது சி டிரைவின் ‘புரோகிராம் டேட்டா’ கோப்புறைக்குள். அந்தக் கோப்புறையை விண்டோஸ் கண்ணில் படாமல் மறைத்தே வைத்திருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரோ ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே வைக்கிறது. அங்கே மென்பொருள் மட்டும்தான் இருக்கும், மறுபடி நிறுவிக்கொள்ளலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஃபார்மட் முடியும்போது பல வருடக் கணக்கு போய்விடுகிறது.

இங்கே யாரும் சோம்பேறித்தனமாக நடக்கவில்லை. கோப்பு எங்கே இருக்கிறது என்ற ஒரே ஒரு தகவல், நிறுவியவரிடமிருந்து உரிமையாளருக்கும் அவரிடமிருந்து பழுது பார்ப்பவருக்கும் போய்ச் சேரவில்லை. நிறுவியவருக்கே அது தெரியாது என்பதுதான் காரணம். தரவுக் கோப்புறை எது என்று கேட்கும் இடத்தில் டி டிரைவில் ஓர் இடத்தைக் காட்டியிருந்தால் இந்த விபத்துக்கே வாய்ப்பில்லை.

இதை எடுத்துச் சொன்னால், இடத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் முதலில் எடுத்து வீசுவது கோட்பாட்டை. ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் இருந்த எட்கர் காட், 1970 ஜூனில் வெளியிட்ட கட்டுரையில்தான், தரவை அட்டவணைகளாகப் பார்க்கும் ரிலேஷனல் மாதிரி பிறந்தது. அதற்கு முன் ஒரு பதிவைத் தேட வேண்டுமானால், அது எந்தப் படிநிலையில் எந்தச் சுட்டியின் வழியே கிடைக்கும் என்று நிரல் எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும். சேமிப்பு முறை மாறினால் நிரலும் உடையும். காட் இந்தப் பிணைப்பை அறுத்தார். எனவே, பைட்டுகள் எங்கே கிடக்கின்றன என்று கேட்பதே ரிலேஷனல் மாதிரிக்கு எதிரானது என்பது இவர்கள் வாதம்.

காட் சொன்னதை அவர் எழுத்திலேயே தேடினால் இந்த வாதம் தலைகீழாகிவிடும். 1985இல் ‘கம்ப்யூட்டர்வேர்ல்ட்’ இதழில் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற விதிகளில் எட்டாவது, சேமிப்பு முறையிலோ அணுகு முறையிலோ மாற்றங்கள் செய்யப்படும்போது பயன்பாட்டு நிரல்கள் பாதிக்கப்படக் கூடாது என்கிறது. மாற்றங்கள் செய்யப்படும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் அந்த விதியே தொடங்குகிறது. கோப்புகளை வேறு வட்டுக்குக் கொண்டுபோகலாம், பிரிக்கலாம், சேர்க்கலாம், அதற்காக பில்லிங் மென்பொருளில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டியதில்லை. இந்த விடுதலையைத்தான் காட் வாங்கித் தந்தார். நிரல் எழுதுபவர் இடத்தை மறக்கலாம். நிர்வாகி மறக்கலாம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

தரவுத்தளங்களை உருவாக்கியவர்களும் அப்படி நினைக்கவில்லை. தரவு எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று நிர்வாகி குறிக்க உதவும் டேபிள்ஸ்பேஸ் என்ற ஏற்பாடு ஆரக்கிளிலும் டிபி2விலும் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரில் அதே வேலைக்கு ஃபைல்குரூப் உண்டு. போஸ்ட்கிரெஸ் 2005இல் வந்த தன் 8.0 பதிப்பில் டேபிள்ஸ்பேஸைச் சேர்த்தது. மைஎஸ்க்யூஎல்லில் அட்டவணையை உருவாக்கும்போதே அதன் கோப்பு எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று சொல்ல வழியிருக்கிறது. ஒன்றோடொன்று போட்டி போடும் இத்தனை நிறுவனங்களும் குழுக்களும் தேவையில்லாத ஒரு வசதியைப் பல வருடங்களாகக் கட்டிக் காக்கவில்லை.

இரண்டாவது வாதம் வன்பொருளைப் பற்றியது. அதில் பாதி உண்மை இருக்கிறது. 1990களில் அட்டவணைகளை ஒரு வட்டிலும் அவற்றின் இண்டெக்ஸ்களை இன்னொரு வட்டிலும் வைப்பது ஆரக்கிள் நிர்வாகிகளின் அன்றாட வேலை. சுழலும் வட்டில் படிக்கும் முனை இடம்விட்டு இடம் நகர வேண்டும், ஒரு நகர்வுக்குச் சில மில்லிநொடிகள் ஆகும். வேலையைப் பல முனைகளுக்குப் பங்கிட்டால் வேகம் கூடும். பிறகு, எல்லாத் தரவையும் எல்லா வட்டுகளிலும் பரப்பிவிடுவதே மேல் என்று ஆரக்கிள் நிறுவனமே சொல்லத் தொடங்கியது. எஸ்எஸ்டி வந்தபோது நகரும் முனையே இல்லாமல் போனது. ஆகவே, வேகத்துக்காகக் கோப்புகளைப் பிரித்து வைக்கும் பழைய கலை பெரும்பாலும் தேவையற்றதாகிவிட்டது. இதை மறுப்பதற்கில்லை.

ஆனால், வேகம் ஒரு காரணம் மட்டும்தான். இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. இடம் தீர்ந்துபோவது ஒன்று, வட்டு செத்துப்போவது மற்றொன்று. எஸ்எஸ்டியும் நிரம்பும், எஸ்எஸ்டியும் சாகும்.

திருமலை தரிசனத்துக்கான 300 ரூபாய் டிக்கெட்டுகள் இணையத்தில் திறக்கும் நாளை நினைத்துப் பார்க்கலாம். குறுகிய நேரத்தில் ஏராளமானோர் மோதுகிறார்கள். இப்படிப்பட்ட விற்பனைக்குப் பின்னால் முன்னணி ரிலேஷனல் தரவுத்தளங்களில் எது இருந்தாலும் அது கடைப்பிடிக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு: ஒரு விற்பனை நடந்தால் முதலில் லாக் கோப்பில் எழுதி அது வட்டில் பதிந்ததை உறுதிசெய்துகொள்ளும், அட்டவணைக் கோப்பைப் பிறகு சாவகாசமாகத் திருத்தும். நடுவில் மின்சாரம் போனாலும் லாக்கைப் படித்துப் பார்த்து விட்ட இடத்திலிருந்து எழுந்துவிடும். அதாவது, கடைசி நிமிடத்து உண்மை லாக்கில்தான் இருக்கிறது. நேற்றிரவு எடுத்த பேக்கப்பும் அதற்குப் பிந்தைய லாக்குகளும் கையில் இருந்தால், தரவு வட்டு எரிந்தே போனாலும் கடைசி டிக்கெட் வரை மீட்கலாம். எஸ்க்யூஎல் சர்வரில் முழு மீட்பு முறையில் இயங்கும் தரவுத்தளத்தின் தரவுக் கோப்பு கெட்டுப்போன பிறகும், லாக் கோப்பு பிழைத்திருந்தால் அதன் வால் பகுதியைத் தனியே பேக்கப் எடுக்க முடியும்.

வட்டு செத்த பிறகான இந்த மீட்பெல்லாம் லாக் வேறு வட்டில் இருந்தால்தான் நடக்கும். நிறுவியபடியே விட்டால் அப்படி இருக்காது. மைஎஸ்க்யூஎல் 8.0இல் மாற்றங்களைப் பதியும் பைனரி லாக் தானாகவே இயங்குகிறது, ஆனால் அது எழுதப்படும் இடம் தரவு இருக்கும் அதே கோப்புறை. வட்டு செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். போஸ்ட்கிரெஸிலும் லாக் கோப்புகள் தரவுக் கோப்புறைக்குள்ளேயே பிறக்கின்றன. வேறு இடம் வேண்டுமானால் நாம்தான் சொல்ல வேண்டும். லாக் இருக்கும் வட்டு நிரம்பினால் சர்வர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளக் கூடும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. இயங்குதளம், அதன் பதிவுகள், தரவு, லாக் எல்லாம் ஒரே வட்டுப் பிரிவில் குவிந்திருக்கும் சர்வரில், யாரோ மறந்துவிட்டுப்போன ஒரு பெரிய கோப்பு போதும், விற்பனை நின்றுவிடும். இதற்கும் வட்டின் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இடத்தை இயந்திரம் அறிந்தால் போதும், மனிதர் அறிய வேண்டியதில்லை என்பவர்களுக்கு கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் அனுபவம் பதில் சொல்கிறது. 2017 ஜனவரி 31 இரவு, அதன் பொறியாளர் ஒருவர் துணை சர்வரின் போஸ்ட்கிரெஸ் தரவுக் கோப்புறையைக் காலி செய்துவிட்டுப் புதிதாக நகலெடுக்க நினைத்தார். கட்டளை ஓடியதோ முதன்மை சர்வரில். ஏறத்தாழ 300 ஜிபியில் சில ஜிபி மட்டுமே மிஞ்சியது. வழக்கமான பேக்கப், பதிப்பு பொருந்தாததால் நீண்ட நாளாகவே தோற்றுக்கொண்டிருந்ததும் அப்போதுதான் தெரியவந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த வட்டுப் படிமம் அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்ததை அந்த நிறுவனம் ஒளிக்காமல் முழுவதுமாக வெளியிட்டது பாராட்டத்தக்கது. எந்த இயந்திரத்தில் நிற்கிறோம் என்பது திரையிலேயே தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட திருத்தங்களில் ஒன்று. உலகத் தரமான பொறியாளர்களுக்கே நள்ளிரவில் இப்படி நேரும் என்றால், தரவுக் கோப்புறை என்று ஒன்று இருப்பதையே அறியாதவரிடம் சர்வரை ஒப்படைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து!

மூன்றாவது வாதம் கிளவுட். வன்தட்டே நம்மிடம் இல்லாதபோது கோப்பின் இடத்தைப் பற்றிப் பேசி என்ன பயன் என்கிறார்கள். அமேசானின் ஆர்டிஎஸ் போன்ற தரவுத்தளச் சேவையில் கோப்புறையைத் தேர்ந்தெடுக்க வழியில்லை என்பது உண்மை. அங்கே போஸ்ட்கிரெஸின் டேபிள்ஸ்பேஸ் கட்டளை ஏற்றுக்கொள்ளப்படும், ஆனால் எல்லாம் ஒரே சேமிப்பின் மேல் இருப்பதால் உண்மையில் எதுவும் பிரியாது. இதை அறியாமல், பிரித்து வைத்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருப்பவருக்கு அந்தச் சேவையின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும்.

கிளவுடில் கேள்வி மறைவதில்லை, அளவில் பெரிதாகிறது. எந்தக் கோப்புறை என்பது எந்த மண்டலம், எந்தத் தரவு மையம், பேக்கப் எங்கே என்று மாறுகிறது. அமேசானுக்கு மும்பையில் 2016 முதலும் ஐதராபாத்தில் 2022 நவம்பர் முதலும் மண்டலங்கள் உண்டு. திருப்பதியில் இருப்பவர் ஐதராபாத்தைத் தேர்ந்தெடுத்தால், வேறு ஏற்பாடு செய்யாதவரை தானியங்கி பேக்கப்பும் ஐதராபாத் மண்டலத்திலேயே தங்கும். சட்டமும் இடத்தைக் கேட்கிறது. பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவுக்குள் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலிலேயே உத்தரவிட்டது. “கிளவுடில் இருக்கிறது” என்பது அந்த உத்தரவுக்குப் பதில் ஆகாது.

2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் முழுவதுமாக அழிந்தது. தரவையும் அதன் நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்களில் பலர் இரண்டையுமே இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் எரிந்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த, 858 டெராபைட் கொண்ட ஒரு சேமிப்பகம் வேறெங்கும் நகல் இல்லாமல் அழிந்துபோனது. கிளவுட் என்றாலும் அது ஏதோ ஓர் ஊரில் ஒரு கட்டடத்துக்குள்தான் இருக்கிறது.

வெளிநாட்டுக் கதை என்று இதை ஒதுக்க இந்த வட்டாரத்துக்கு உரிமையில்லை. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில், 2024 ஜூலை 21 இரவு சப்-கலெக்டர் அலுவலகம் தீப்பற்றி எரிந்தது. நில விவகாரங்கள் தொடர்பான கோப்புகள் ஏராளமாகச் சாம்பலாயின. சதி இருக்கலாம் என்ற சந்தேகத்தில் மாநிலக் காவல்துறையின் உயர்மட்டமே விசாரணையில் இறங்கியது. காரணம் எதுவானாலும், ஓர் அறையில் மட்டுமே இருந்த ஆவணத்துக்கு ஓர் இரவில் என்ன ஆகும் என்பதை அந்த வட்டார விவசாயிகள் கண்ணால் பார்த்தார்கள். அதற்கு முன் 2021 நவம்பர் 18 அன்று கொட்டிய மழையில் திருப்பதியின் தெருக்களில் வெள்ளம் பாய்ந்தது, தாழ்வான கட்டடங்களின் கீழ்த்தளங்களில் நீர் புகுந்தது, திருமலைக்கு ஏறும் ஸ்ரீவாரி மெட்டு படிவழி கடுமையாகச் சேதமடைந்தது. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வரும் ஊரில், சர்வர் எந்தத் தளத்தில் இருக்கிறது, அதன் பேக்கப் வட்டு அதே மேசையில் இருக்கிறதா என்பவை நேரடியான கேள்விகள்.

கடைசியாக வருவது அச்சம். கோப்புகளை நகர்த்தப் போய் உள்ளதையும் கெடுத்துவிட்டால் என்ன செய்வது? இந்த அச்சத்தில் நியாயம் உண்டு. அரைகுறையாகச் செய்தால் கெடும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தரவுக் கோப்புறையை நகலெடுத்தால், முன்பாதி ஒரு நேரத்தையும் பின்பாதி வேறொரு நேரத்தையும் காட்டும் செல்லாத நகல்தான் கிடைக்கும். மைஎஸ்க்யூஎல்லில் அட்டவணைக்கு ஒன்றாக இருக்கும் ஐபிடி கோப்புகளை மட்டும் எடுத்துப்போய் வேறு கணினியில் போட்டால் திறக்காது. பொதுக் கோப்பும் லாக்கும் கூடவே போக வேண்டும். லினக்ஸில் அனுமதிகளைச் சரியாகக் கொடுத்த பிறகும் எஸ்இலினக்ஸ் அல்லது ஆப்ஆர்மர் என்ற கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடு புதிய இடத்தைத் தொட விடாமல் தடுக்கக் கூடும். பலர் இந்த இடத்தில் மிரண்டுபோய்ப் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. தனி வட்டை ஒரு கோப்புறையில் பொருத்தி, அந்தக் கோப்புறையையே தரவு இடமாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஒருநாள் கணினி எழும்போது அந்த வட்டு பொருந்தவில்லை. வெற்றுக் கோப்புறையைக் கண்ட தொடக்க நிரல், புதிய நிறுவல் என்று நினைத்து ஒரு காலித் தரவுத்தளத்தை உருவாக்கி ஓடத் தொடங்கிவிடக் கூடும். போஸ்ட்கிரெஸ் கையேடு இதற்கும் வழி சொல்கிறது: பொருத்திய வட்டுக்குள் ஓர் உட்கோப்புறையை உண்டாக்கி அதற்குள் தரவு இடத்தை அமைக்க வேண்டும். வட்டு வராவிட்டால் அந்த உட்கோப்புறையும் இராது, சர்வர் எழாமல் நின்றுவிடும். எழாமல் நின்றால் யாராவது வந்து பார்ப்பார்கள், சேதம் அதோடு முடியும்.

இந்த ஆபத்துகள் எல்லாம் அறிவைக் கோருகின்றன, அறியாமையை நியாயப்படுத்தவில்லை. நகர்த்த மாட்டேன் என்று சொல்வதாலும் நகர்வு நிற்கப்போவதில்லை. வட்டு நிரம்பும், சர்வர் பழசாகும், அலுவலகம் மாறும். 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆனபோது, திருப்பதி தனி மாவட்டமாகி, அதன் கலெக்டர் அலுவலகம் திருச்சானூரின் பத்மாவதி நிலையத்தில் அமைந்தது. அப்படியொரு பிரிவினையில் பதிவேடுகளின் இடமும் பொறுப்பும் கைமாறியே ஆக வேண்டும். பதிவுகள் இடம் மாறுவது இங்கே புதிதும் அல்ல: 13ஆம் நூற்றாண்டில் திருமலைக் கோயிலைப் புதுப்பித்தவர்கள், பழைய சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மறுபடி வெட்டி வைத்தார்கள். எந்தச் சுவரில் எந்தச் சாசனம் இருக்கிறது என்று அறிந்தவர்கள் இருந்ததால்தான் அது முடிந்தது.

எதிர்த்திசையிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. டேபிள்ஸ்பேஸை வெளி வட்டில் வைத்தாயிற்று, இனி அதுவே பேக்கப் என்று சிலர் நினைக்கிறார்கள். போஸ்ட்கிரெஸில் ஒரு டேபிள்ஸ்பேஸ் தொலைந்தால் மொத்தத் தரவுத்தளமே எழாமல் போகக் கூடும், அந்த டேபிள்ஸ்பேஸ் மட்டும் கையில் இருந்தால் அதை வேறெங்கும் திறக்கவும் முடியாது. அதுபோல, டி டிரைவ் ஃபார்மட்டிலிருந்து காக்குமே தவிர, சி டிரைவோடு ஒரே வட்டைப் பகிர்ந்துகொள்ளும்வரை வட்டின் சாவிலிருந்து காக்காது. இடத்தைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பின் முதல் படி. பேக்கப், அதைத் திறந்து பார்க்கும் ஒத்திகை என்ற அடுத்த படிகள் அதன் மேல்தான் நிற்கும்.

ஆகவே, கோரிக்கைகள் எளியவை. சித்தூர், திருப்பதி வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளில் நார்மலைசேஷன் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதவைக்கும் ஆசிரியர்கள், டேட்டாபேஸ் லேபில் ஒரு பயிற்சியைக் கூடுதலாக வைக்கட்டும்: சர்வரிடமே கேட்டுத் தரவுக் கோப்புறையைக் கண்டுபிடி, சேவையை நிறுத்து, வேறு வட்டுக்கு மாற்று, லாக்கைத் தனியே வை, மறுபடி எழுப்பு, பேக்கப்பிலிருந்து மீட்டுக் காட்டு. பில்லிங் மென்பொருள் விற்பவர்கள் தரவு, லாக், பேக்கப் மூன்றின் இடங்களையும் எழுதிக் கணினியின் மேல் ஒட்டிவிட்டுப் பணம் வாங்கட்டும். அரசு அலுவலகங்களும் மருத்துவமனைகளும் சர்வருக்கு டெண்டர் விடும்போது, இந்த மூன்று இடங்களையும் ஒப்பந்ததாரர் எழுத்தில் தர வேண்டும், பேக்கப் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை பருவமழைக்கு முன் அதை அதிகாரிகள் முன்னிலையில் மீட்டுக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளைச் சேர்க்கட்டும். அப்படிச் செய்து காட்டாத ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கக் கூடாது.